பாதை இப்ப வந்திரும்

எந்த ஊரில் பெண் எடுத்தாலும் அந்த ஊர்த் தமிழை முதலில் படித்துவிட வேண்டும். நான் வவுனியாக்காரன், லொறிச் சாரதி. தமிழ் தெரியும்தானே என்ற திமிரில் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுவான்கரைக்கு மாப்பிள்ளையாகப் போனேன்.

மனைவியின் தங்கைக்குக் கலியாணம். கல்லடியிலிருந்து இருநூறு கதிரை ஏற்றி வருவது என் பொறுப்பு. மாமாவுக்கு அது மானப் பிரச்சினை. என் கலியாணத்தில் கதிரை பத்தாமல் என் பெரியப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனவர். இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட நிற்கக் கூடாது என்று மாமா பத்துத் தரம் சொல்லிவிட்டார்.

கலியாணத்தன்று காலை கதிரைகளோடு வரும் வழியில் வீதி திருத்த வேலை. வாகனங்கள் அசையவே இல்லை. மாமா எனக்குப் போன் எடுத்தார்.

"ரோட்டால வராதீங்க மருமகன். லொறிக்காரரெல்லாம் பாதையாலதான் வாறாங்க."

ரோட்டுக்கும் பாதைக்கும் என்ன வித்தியாசம்? கலியாணப் பதற்றத்தில் மனுசன் குழம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் திரும்பிய லொறியின் பின்னால் போனேன். வீதி நேரே போய் வாவித் தண்ணீரில் முடிந்தது. அங்கே நின்ற ஒருவரிடம் பாதை எங்கே என்று கேட்டேன்.

"பாதை அக்கரைக்குப் போயிற்று மனே. இப்ப வந்திரும்," என்றார்.

(பாதை போகுமா? போனால் வருமா? ஆள் காலையிலேயே தண்ணி ஏற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.) கொஞ்ச நேரத்தில் அது உண்மையாகவே வந்தது. லொறிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வந்தது. அந்த மிதவைக்கு இங்கே பெயரே பாதைதான்.

லொறியை ஏற்றினேன். ரோட்டு நெரிசலுக்குப் பயந்து, தாங்கள் வந்த வான்களைக் கரையில் விட்டுவிட்டு, பட்டுச் சேலைகளும் ஒரு தலைப்பாகையும் பின்னாலேயே ஏறின. சாட்சாத் மாப்பிள்ளை வீட்டார், மாப்பிள்ளையோடு முப்பது பேர்.

நடு வாவியில் இயந்திரம் நின்றுவிட்டது. நல்ல வெயில். இந்தப் பக்கம் சம்பந்தம் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என மாப்பிள்ளையின் தாய் ஏசத் தொடங்கினார். வேறு வழி தெரியாமல் லொறியின் பின்கதவைத் திறந்து கதிரைகளை இறக்கிப் போட்டேன். (கெட்டித்தனம் என்று நினைக்க வேண்டாம், முழுக்கப் பயம்.) முப்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏச்சும் நின்றது.

இயந்திரம் ஒருவழியாக வேலை செய்தது. அக்கரையில் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கதிரையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அப்போதுதான் சம்பந்திகள் கதிரையில் அமர்ந்தபடியே தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள்.

"நடு வாவியில கதிரை போட்டு வரவேற்ற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

மாமா கண் இமைக்கவில்லை. "எல்லாம் எங்கட மூத்த மருமகன்ட ஏற்பாடு," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தக் கலியாணமென்றாலும் வரவேற்பு என் பொறுப்புத்தான். அழைப்பிதழ் கொடுக்கப் போகும் வீடுகளில் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே: "கதிரை கரையிலயா, தண்ணியிலயா?"