பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று

மாகாணம் முழுக்க வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை எண்ணிக் கணக்கெழுதும் அந்த மில்வாக்கி அலுவலகத்தின் ஆண்டறிக்கையில், 'நம் அலுவலகம்' என்ற கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்தான் இருக்கும். இந்த செப்டம்பரில் வெர்னா அங்கே ஒன்று போட்டிருந்தாள்.

அதிகாரி கெஸ்லருக்கு வியர்த்துவிட்டது. "நம்ம ஆபீஸ்லயா? யாரு?"

"பேரைச் சொல்லக் கூடாது சார். சட்டம்."

"என்னவாம்?"

"பதவி உயர்வுல ஓரவஞ்சனையாம்."

அலுவலகத்தில் புகார் வாங்குவது வெர்னாவின் பொறுப்பு. கொடுத்தவளும் அவள்தான். பத்தொன்பது வருட உழைப்பு. மேற்பார்வையாளர் பதவி நாலு முறை கைநழுவியது, நாலு முறையும் அவளே வேலை கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. ஆனால் பெயரை வெளியே விட பயம். அவள் தயாரிக்கும் அட்டவணையில் வருடா வருடம் முதலிடம், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்களுக்குத்தான்.

புகார் வாங்குகிறவளே புகார் கொடுப்பாள் என்று கெஸ்லருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் சக ஊழியன் ப்ரெண்டுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. அதற்கடுத்த நாள் க்ளோரியாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை.

"புகார் குடுத்தவங்க இப்ப சமாதானமா?" என்று கேட்டார் கெஸ்லர்.

"இல்ல சார். அழுத்தமாத்தான் இருக்காங்க."

பொறுத்துப் பார்த்துவிட்டு வெர்னா துணிந்து துப்புக் கொடுத்தாள். "காலியா இருக்கிற மேற்பார்வையாளர் பதவியைக் குடுத்தா புகார் வாபஸ் சார்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

மாலையில் அந்தப் பதவி கெல்சிக்குப் போனது. அவள் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. கேக் வேறு வெட்டினார்கள்.

"நீங்க ஒண்ணுன்னீங்க வெர்னா, கணக்குல கோட்டை விட்டுட்டீங்க" என்றார் கெஸ்லர், வாயில் கேக்கோடு. "போகட்டும், இப்ப எல்லாருக்கும் திருப்தி. பூஜ்யம் போட்டுடுங்க."

வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூஜ்யம் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் காவலாளி ஓட்டிஸ் புத்தம்புது சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏது இது?"

"கெஸ்லர் சார் ஒவ்வொருத்தரையா உள்ள கூப்பிட்டு, 'புகார் குடுத்தது நீதானா?'ன்னு கேட்டாரு வெர்னாம்மா. ஆமான்னவங்களுக்கெல்லாம் கேட்டது கெடைச்சுது, நானும் ஆமான்னுட்டேன். அது சரி, நெசமாவே யாராச்சும் புகார் குடுத்தாங்களா என்ன?"