துணைப்பாடமும் அக்காவின் அலமாரியும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பது கீழே வருகிறது. தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா என்று வீட்டில் கேட்கச் சொன்னாள். தாங்கள், தங்கள் என்று எழுதினால் என் மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதுவது போலிருக்கிறது, அக்கா. பழையபடி நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். உன் மருமகள் வேதியியலை விடப்போகிறாளாம். முழுதாக விடவில்லை, முதன்மைப்பாடமாக இருக்கும் வேதியியலைத் துணைப்பாடமாக இறக்கிவிட்டு, துணைப்பாடமாக இருக்கும் அரசியல் அறிவியலை மேலே ஏற்றிக்கொள்ளப் போகிறாளாம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் அப்படி மாற்றிக்கொள்ள இடமுண்டாம். அதற்கு ஒரு படிவம், படிவத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்து. அந்தப் படிவம் இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. மின்விசிறியில் பறந்துவிடாமல் இருக்க என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்திருக்கிறேன். நீ ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், இந்தப் பேச்சு அடங்கிவிடும். போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் எனக்கு எதுவும் கோர்வையாக வராது, உனக்கே தெரியும்.

இதை வானிலை நிலையத்தில், வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டு மணி மேகம் பார்த்தாகிவிட்டது. அடுத்தது மூன்று மணிக்கு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதுகிற வேலையை இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். ஆனாலும் என் வீட்டில் இப்படி ஒன்று திரண்டு வருவதைப் பார்க்கத் தவறிவிட்டேன். அவளைச் சேர்த்தபோது துணைப்பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். நாங்கள் போய் நிற்பதற்குள் கணினி நிரம்பிவிட்டது, புள்ளியியலும் நிரம்பிவிட்டது, மிச்சம் இருந்தது அரசியல் அறிவியல். துணைப்பாடம்தானே, சட்டைக்குப் பொத்தான் மாதிரி ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். இப்போது பொத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

முதல் வகுப்பு முடிந்து வந்த அன்றைக்கே ஆரம்பித்தாள். “அப்பா, இந்த வீட்டுல முடிவெடுக்கிறது யாரு?” என்று கேட்டாள். நான் செய்தித்தாளை இறக்காமல், “இதுல என்ன சந்தேகம்? நான்தான்” என்றேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி துடைப்பத்தோடு வந்து, “அந்த நாற்காலிய கொஞ்சம் நகத்துங்க” என்றாள். நான் எழுந்து நகர்த்தினேன். மகள் எதையோ குறித்துக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிறகு அவர்கள் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு அமைப்பை எடுத்துக்கொண்டு, அங்கே யார் சொல் நடக்கிறது என்று பதினாலு வாரம் கவனித்து எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் தபால் நிலையம், பஸ் டிப்போ, விடுதிச் சமையற்கூடம் என்று நல்ல நல்ல இடங்களாக எடுத்துக்கொண்டார்கள். இவள் நம் வீட்டை எடுத்துக்கொண்டாள். எழுத நோட்டு வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று என்னுடைய பழைய வானிலைப் படிவங்களை வாங்கிக்கொண்டாள். மேகம் என்ற கட்டத்தை அடித்துவிட்டுப் பேச்சு என்று எழுதினாள். காற்று என்ற கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். ‘காலை எட்டு மணி. பேச்சு: எட்டில் ஏழு, பெரும்பாலும் அப்பா. காற்று: அம்மா இருக்கும் பக்கம் நோக்கி.’ படித்துப் பார்த்துவிட்டு நானே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு எழுதக் கூடாதும்மா, எங்கேருந்து வருதுன்னுதான் எழுதணும்” என்று திருத்திவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அடுத்த நாளிலிருந்து எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று மணி ஆகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டில் மூன்று. அதில் ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது, எங்கே போகிறோம் என்று தெரியாமல், ஆனால் அவசரமும் இல்லாமல். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் கால் மணி நேரம் போய்விட்டது. எங்கே விட்டேன்?

ஆம், காற்று. பதினாலு வாரத்தில் வீட்டில் நூற்றிருபது முடிவு எடுத்திருக்கிறோமாம். நூற்றுப் பதினாறு இடத்தில் திசை என்ற கட்டத்தில் ‘அத்தை’ என்று எழுதியிருக்கிறாள். நீதான், அக்கா. பதினோரு வருஷமாகக் கடல் தாண்டி இருக்கிற நீ. புது சோபா வாங்கலாமா என்றால், “அண்ணி பாத்தா என்ன சொல்லுவாங்க?” என்பாள் என் மனைவி. மீசையை எடுக்கலாமா என்றால், அக்காவுக்குப் பிடிக்காது என்பேன் நான். இதில் உன்னிடம் நிஜமாகவே கேட்டது நாலே தடவைதான் என்றும் கணக்குப் போட்டிருக்கிறாள்.

அதோடு விட்டாளா? கூடத்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறதே உன் இரும்பு அலமாரி, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டாள். அத்தை ஊருக்குப் போகும்போது ‘இது இங்கயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போனாள், அதனால் இருக்கிறது என்றேன். அவள் நேரே உனக்குப் போன் போட்டு, எங்கள் இருவர் காதிலும் விழும்படி வைத்துக் கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. “எந்த அலமாரி? அடப்பாவிங்களா, அது இன்னுமா அங்க நிக்குது? லாரி வர்ற வரைக்கும்தானே வைக்கச் சொன்னேன்!”

அக்கா, மேகம் பார்த்துப் பிழைக்கிற நான் பதினோரு வருஷமாக என் வீட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரி, இப்போதாவது நகர்த்தலாம் என்று எழுந்தால், “எதுக்கும் அண்ணிகிட்ட இன்னொரு தடவ நல்லா கேட்டுக்குங்க” என்றாள் மனைவி. நானும் அதுவும் சரிதான் என்று உட்கார்ந்துவிட்டேன். மகள் அதையும் எழுதிக்கொண்டாள். பேராசிரியை கட்டுரையின் ஓரத்தில், ‘ஆள்பவருக்கே தெரியாமல் நடக்கும் ஆட்சி. இந்த அத்தையைச் சந்திக்க ஆவல்’ என்று சிவப்பு மையில் எழுதி, வகுப்பில் வாசிக்கவும் வைத்திருக்கிறார். நாற்பது பிள்ளைகள் இரண்டு நாள் உன்னைப் பற்றி விவாதம் செய்திருக்கிறார்கள். நீ அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாய்.

அதற்கப்புறம்தான் இந்தப் படிவம் வந்தது. “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்றேன். “தெரியலப்பா. ஆனா ஒரு விஷயத்த இவ்ளோ ஆசையா பாத்ததே இல்ல” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் எந்தப் படிவத்தில் எழுதுவது? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வேதியியல் என்றால் ஒரு மருந்துக் கம்பெனியாவது உண்டு. அப்பா அம்மா போன பிறகு என் பள்ளிக்கூடப் படிவங்களில் எல்லாம் நீதான் கையெழுத்துப் போட்டாய், உனக்கே அப்போது பத்தொன்பது வயது. “இப்படி வானத்தையே பாத்துக்கிட்டு நின்னா யாருடா சம்பளம் குடுப்பா?” என்று திட்டுவாய். திட்டிக்கொண்டே ஒருநாள், சம்பளம் கொடுக்கிற இடத்தின் விளம்பரத்தைக் கத்தரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே நீயே வேண்டாம் என்று எழுதிவிடு. நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் நாற்காலியை நகர்த்தச் சொல்வார்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு. உன் பதிலைப் பார்த்துத்தான் இங்கே எதுவும் நடக்கும்.

இப்படிக்கு,
உன் சொல்லை ஒருநாளும் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: இதை மறுநாள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். மேஜைமேல் கிடப்பதாகச் சொன்னேனே, அது படிவத்தின் நகல். அசலில் நேற்றுக் காலையிலேயே கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்ப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கடைசி நாள் இன்றைக்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாகும் என்று எனக்குத் தெரியும். போனில் கேட்டிருந்தால் நீ ஒரு பதில் சொல்லியிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன், அதனால்தான் கடிதம். நேற்றுச் சாயங்காலம் மகளும் நானும் அலமாரியை நகர்த்தப் பார்த்தோம், அசையவில்லை. “அண்ணிகிட்ட கேட்டீங்களா?” என்றாள் மனைவி. “கடிதம் எழுதியிருக்கேன்” என்றேன். “பதில் வந்துதா?” “வரும்.” என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். பின்னால் உன் கத்தரிக்கோல் கிடந்தது. அதைத் தொலைத்தது நானில்லை என்று இப்போதாவது நம்பு. இப்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டில் இரண்டு. மகள் தன் வானிலைப் படிவத்தில் இன்றைக்கு எழுதியிருப்பதை எட்டிப் பார்த்தேன். காற்றின் திசை: அப்பா. வேகம்: இலை அசையும் அளவுக்கு.