செவ்வந்தி தாண்டிய உயரம்

ஒரு காட்டில் செவ்வந்தி என்றொரு மான்குட்டி துள்ளித் திரிந்தது. யாரும் கேட்காமலே ஓடையைத் தாண்டும், புதரைத் தாண்டும். இப்படிச் சும்மா தாண்டிக்கொண்டிருக்கிறதே என்று அதன் தாய்க்கு மனசு ஆறவில்லை. கொண்டுபோய்க் காட்டுப்பன்றி மாஸ்டரிடம் உயரம் தாண்டச் சேர்த்துவிட்டது. மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு வேர்க்கட்டையைக்கூடத் தாண்டியவர் இல்லை. ஆனால் கழுத்தில் விசில் இருந்தது.

காலையில் தாண்டல், மாலையில் தாண்டல். மழைக்காலம் முடிவதற்குள் செவ்வந்தியின் பின்னங்கால் முட்டி விளாம்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

"மாஸ்டர், முட்டி ரொம்ப வலிக்குது."

"வலிக்குதா? நல்லது. அப்போ நீ சரியாத்தான் பயிற்சி பண்றே" என்றார் மாஸ்டர்.

தாயோ, "வேலிக்கு அந்தப் பக்கத்து மிளாமான் குட்டி இப்படியா அழுவுது?" என்றது. இருந்தாலும் பெற்ற மனசு. வைத்தியர் கொக்கிடம் கூட்டிப்போனது.

கொக்கு முட்டியை அமுக்கிப் பார்த்தது. "உள்ளே ஜவ்வு லேசா கிழிஞ்சிருக்கு. ரெண்டு மாசம் ஓட்டமும் கூடாது, தாண்டலும் கூடாது. பிள்ளை வளர்ற வயசு."

"ஐயையோ, அடுத்த வாரம் மண்டலப் போட்டி, டாக்டர்! ஊசி ஏதாவது?"

"போடலாம். வலி தெரியாது. கிழியறது மட்டும் கிழியும்."

"வலி தெரியாட்டிப் போதும்" என்றது தாய். கொக்கும் ஊசியைப் போட்டுவிட்டது.

போட்டியன்று செவ்வந்திக்கு முட்டி இருப்பதே மறந்துபோனது. பழைய துள்ளல் திரும்பிவிட்டதென்று நம்பியது. காடே வாயைப் பிளக்க, எந்தக் குட்டியும் தாண்டாத உயரத்தைத் தாண்டியது. தரையில் இறங்கும்போது 'மளுக்'கென்று ஒரு சத்தம். என்ன முறிந்தது என்று அது சுற்றுமுற்றும் பார்த்தது. எழுந்து ஓரடி வைத்தது. அப்படியே சரிந்தது. வெற்றி மயக்கம் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

கோடையில் மந்தை தினமும் புல் தேடி ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய்வந்தது. செவ்வந்தி இக்கரையிலேயே சருகைத் தின்றுகொண்டு கிடந்தது.

காட்டுக்கே பெருமை தேடித் தந்த குட்டியைச் சும்மா விடலாமா? பாராட்டு விழா வைத்தார்கள். பாறைமேல் மேடை. நொண்டுகிற குட்டி எப்படி ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே அதன் சார்பில் மாஸ்டரே பொன்னாடையை வாங்கிப் போர்த்திக்கொண்டார். "தன் முட்டியையே அர்ப்பணித்த தியாகி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாயும் மேலே ஏறி அவர் பக்கத்தில் நின்றது.

செவ்வந்தி கீழிருந்து பார்த்தது. பிறகு மூன்று காலால் மெல்லத் திரும்பியது.

"ஏய், எங்கடி போறே? போட்டோ எடுக்கணும், நில்லுடி!" என்று தாய் மேடையிலிருந்து கூவியது.

"நிக்கத்தாம்மா முடியல" என்றது செவ்வந்தி.

நீதி: பிள்ளைகளே, முட்டி ஜவ்வு கிழிந்தால் கிழியட்டும். மாஸ்டரின் பொன்னாடை கிழியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் விளையாட்டு உணர்வு என்று பெயர்.