என் கடிகாரம் வட்டமா சதுரமா

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஆம்பூர் பஜாரில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த அலாரம் கடிகாரத்தை வாங்கி வருவது.

நான் தோல் பதனிடும் டேனரியில் ராத்திரி பாய்லர் பார்க்கிறவன். ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டு, இருட்டாக்கிக்கொண்டு பகலில் தூங்குவேன். சாயங்காலம் அஞ்சுக்கு அலாரம் அடிக்கும். இருட்டிலேயே கையை நீட்டி ஒரு தட்டு. நின்றுவிடும். எழுந்துவிடுவேன்.

கடிகாரம் இல்லாத அந்த ஒரு வாரத்தில் இரண்டு தடவை லேட். "மூணாவது தடவை லேட்டானா வராதே, வீட்லயே தூங்கு. வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

காலையில் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். கடைக்கார பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எல்லாக் கடிகாரத்துக்கும் தோல் துண்டில்தான் பேர் எழுதிக் கட்டுவார். எங்கள் ஊரில் காகிதத்தைவிட அது சுலபமாகக் கிடைக்கும். எலி வந்து அத்தனை பேரையும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

"உங்களுது எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்கங்க அண்ணே. எனக்கு ஒரே பேஜாரா கீது."

பன்னிரண்டு கடிகாரம். எனக்குக் குஷி. பழைய பேப்பர் கடையில் கிடைத்த கடிகார விலைப்பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தவன் நான். சும்மா விடுவேனா?

"பாய், இதுல நாலு தினுசு கீது. இது தலைமேல ரெட்டை மணி. இது முதுகுக்குள்ள மணி, வெளிய தெரியாது. இது சதுரம். இது பிரயாணத்துக்கு, தோல் பெட்டியில மடிக்கறது."

அந்தத் தோல் பெட்டியையும் எலி பாதி தின்று முடித்திருந்தது.

"எல்லாம் சரி அண்ணே. உங்களுது எந்த தினுசு?"

அதுதான் எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தலைமாட்டில் இருக்கிற சாமான். சாவி கொடுப்பது, ரிப்பேருக்குக் கொண்டுவந்தது எல்லாம் மனைவி. பகலில் தூங்குகிறவனுக்கு வீட்டுச் சாமான் எதுவும் முகப்பழக்கம் கிடையாது.

"வீட்ல கேட்டுட்டு வாங்களேன்."

நாலு தினுசும் சொன்ன வாயால் அதைப் போய்க் கேட்பதா? "கைக்குத் தெரியும் பாய்" என்று பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாகத் தலைமாட்டில் வைத்தார். நான் தட்டினேன்.

டீக்கடையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், ஆளு போய்ட்டாரா?"

"இல்லப்பா. கடிகாரம் தேடறாரு."

ஏழாவதில் கை நின்றது. வட்டம், உச்சியில் குமிழ். "இதான்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி பார்த்தாள். "இன்னாங்க இது? நம்மளுது சதுரம்."

"நான் தினம் தட்டறது ரவுண்டு. மேல குமிழ் கீது."

அவள் என் தலைமாட்டிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துக் காட்டினாள். வட்டம். மூடியில் குமிழ்.

"நீங்க தினம் தட்டறது இத்த. அலாரத்த நான் வந்து நிறுத்தறேன்."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"தட்டினதும் எழுந்துக்கறீங்க. அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

திரும்பவும் பஜார். பாய் சாப்பிடப் போயிருந்தார். படியில் காத்திருந்து சதுரத்தை வாங்கி வீடு சேர மணி நாலரை. இனிமேல் படுத்தால் எந்த தினுசு மணியாலும் என்னை எழுப்ப முடியாது. அப்படியே டேனரிக்கு நடந்தேன்.

மேஸ்திரிக்கு ஆச்சரியம். "அரை மணி முன்னாடியே வந்துட்டியே. கடிகாரம் நல்லா வேலை செய்யுதா?"

"பிரமாதமா செய்யுதுங்க. இன்னிக்குப் படுக்கவே விடல."