காதில் பஞ்சு வைத்துப் படம் பார்த்தவர்

நல்ல காதை வைத்துக்கொண்டு, அதில் பஞ்சை அடைத்துப் படம் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் விருத்தாசலத்துக்காரர். மறுப்பவர்களோடு சண்டைக்கு நிற்பேன். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் வேறு. ஆபீசில் எங்களுக்கு அவர் பஞ்சு.

இரண்டாயிரங்களின் நடுவில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வளைகுடாவிலிருந்து திரும்பிய மங்கலம்பேட்டை பாய்தான் முதலாளி. இங்கிலீஷ் படங்களின் சப்டைட்டிலை, அமெரிக்க டிவிக்கு ஏற்ற குளோஸ்டு கேப்ஷனாக மாற்றித் தருவது வேலை. அது காது கேளாதவர்களுக்கானது. ஒரு வரியில் முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. பேச்சு மட்டும் போதாது. கதவு தட்டினாலும் நாய் குரைத்தாலும் அதையும் எழுத வேண்டும்.

சரிபார்க்க உட்கார்ந்தால் பஞ்சுவின் இரண்டு காதும் அடைபட்டுவிடும். "காது கேட்டுச்சுன்னா கண்ணு சோம்பேறி ஆயிடுதுங்க" என்பார். டீ வந்தால்கூடச் சீட்டில் எழுதித்தான் நீட்ட வேண்டும். ஒருநாள் எரிச்சலில் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"வரி நீளமா இருக்குது மேடம். ரெண்டா ஒடச்சிக் குடுங்க."

இன்னொரு நாள் மின்விசிறி கழன்று பக்கத்து மேசையில் விழுந்தது. நாங்கள் அலறியடித்து ஓடினோம். இவர் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்து, "அடடா, என்னா சத்தம் வந்துச்சுன்னு கேக்காம வுட்டுட்டனே!" என்று வருத்தப்பட்டார்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் ஊரறிந்ததுதான். செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இவருக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் இவரை. அவள் அப்பாதான் முறைத்துக்கொண்டு நின்றார்.

"நெலையான வேலையில இருக்கற ஆளுக்குத்தாங்க எம்பொண்ண குடுப்பேன். நீங்க பண்றது என்னா வேலைன்னே வெளங்கல."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாதிரிக்கு ஒரு படம் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள். அது தேறினால் தொடர்ந்து வேலை. தேறாவிட்டால் ஆபீசைப் பூட்டிவிட்டு பாய் மறுபடி விமானம் ஏறுவார். பஞ்சுவின் கல்யாணம் அந்தப் படத்தில் தொங்கியது.

ஆரம்பக் காட்சிகளை எல்லோரும் பார்த்தோம். உதடும் எழுத்தும் கச்சிதமாகப் பொருந்தின. "அனுப்பிடலாம்" என்றார் பாய். பஞ்சுவுக்கு அது எங்கே கேட்டது? கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கத்தினார்.

"பாய்! செத்தவன் பேசுறான்!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். வில்லன் குண்டடிபட்டு விழுந்து, கண்ணையும் மூடிவிட்டான். அதற்கப்புறம் நிதானமாக எழுத்து வருகிறது: 'என்னைச் சுடாதே!' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஞ்சுவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் விஷயம் பிடிபட்டது. அமெரிக்க டிவி நொடிக்கு முப்பது ஃபிரேமுக்கு, அதாவது முப்பது அசையாப் படத்துக்கு, ஒரு துளி குறைவாக ஓட்டுகிறது. "முப்பதுன்னே போடுங்க, கணக்கு சுத்தமா இருக்கட்டும்" என்று பாய் சொல்ல, நாங்களும் அப்படியே போட்டிருந்தோம். அந்தத் துளி படம் முழுக்கச் சேர்ந்து, எழுத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. திருத்தி அனுப்பினோம். தேறியது. பாய் ஆபீசுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் செல்வியும் அவள் அப்பாவும் ஆபீசுக்கு வந்தார்கள். ஒரு தமிழ்ப் படத்து நகைச்சுவைக் காட்சிக்குப் பஞ்சு தானே எழுத்து போட்டு வைத்திருந்தார். ஓடவிட்டார். நடிகர் வாயைத் திறக்கும்போதே முழு வரியும் திரையில் வந்துவிட, அவர் பேசி முடிப்பதற்குள் செல்வி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாங்கள் அப்புறம்தான் சிரித்தோம். அவள் அப்பா படத்தை விட்டுவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சு மட்டும் பதறிப்போய் கீபோர்டை இழுத்தார். "சீக்கிரம் வந்துடுச்சு மேடம்! கொஞ்சம் தள்ளி வச்சிடுறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுங்க பஞ்சு. இத்தன வருஷமா மத்தவங்க சிரிக்கறதப் பாத்துட்டுதான் அந்தப் பொண்ணு சிரிச்சிருக்கும். இனிமே மொதல்ல சிரிக்கட்டும்."