பானெட்டில் காது வைக்கும் மகான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழைய கார் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கார் வாங்க வந்தவர்கள் ஒரு பங்கு என்றால், காது ஐயாவைத் தரிசிக்க வந்தவர்கள் மூன்று பங்கு.

காது ஐயாவைத் தெரியாதா? அப்படியானால் நீங்கள் இன்னும் கார் வாங்கி ஏமாறவில்லை என்று அர்த்தம். பானெட்டின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, வண்டியின் மனசைக் கேட்பவர் அவர். எந்த வண்டி எந்தக் குடும்பத்துக்கு ஒத்துவரும், எது நடுரோட்டில் கழுத்தறுக்கும் என்பதையெல்லாம் வண்டியே அவரிடம் சொல்லிவிடுமாம். இரண்டே நிபந்தனைகள். இன்ஜின் ஓடக் கூடாது. ஓடினால் வண்டியின் மனம் கலைந்துவிடும். பானெட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதற்கு மானக்கேடு. (வீட்டுப் பெண்களின் மானத்தைப் பற்றிக்கூட இவர்கள் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.)

“ஒரு பைசா வாங்கறதில்லையே! அவர் எதுக்குப் பொய் சொல்லணும்?” என்று கேட்டவர் என் அத்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். நம்மிடம் வாங்கவில்லை, சரி. வேறு யாரிடம் வாங்குகிறார் என்று பாடப்புத்தகத்தில் போடவில்லை போலும்.

அக்காவுக்கு எட்டாவது மாதம். வயிற்றில் இரட்டை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். பாதி தூரம் ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. இருக்கிற சின்ன காரில் இரண்டு குழந்தை இருக்கைகளை வைத்தால் அக்கா டிக்கியில்தான் உட்கார வேண்டும். அதனால் அதைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று எடுக்கக் கிளம்பினோம்.

காது ஐயா எங்கள் காரில் காதை வைத்தார். முகம் சுருங்கியது.

“அழுகுரல் கேக்குது. வீட்டுக்கு ஆகாது.”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடை முதலாளி ‘உச்’ கொட்டினார். “அழற வண்டிய யாரும் தொட மாட்டாங்க சார். உங்க முகத்துக்காகப் பாதி விலைக்கு எடுத்துக்கறேன்.” பிறகு எங்களை ஒரு வெள்ளி நிற வேனிடம் அழைத்துப் போனார். காது ஐயா அதில் காதை வைத்ததும் பூரித்துப் போனார். “சிரிக்குது! குழந்தைங்க சிரிப்பு!”

“ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?” என்றேன்.

“படிச்ச பொண்ணு. அதான் சந்தேகம்” என்றார் முதலாளி. கூட்டம் சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

அடுத்த ஞாயிறு பணம் கட்டுவதாக அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“அத்தான், ஒரே ஒரு சோதனை. நான் தோத்தா, அந்த வேன ஆயுசுக்கும் நானே கழுவறேன்.”

“நீயா? சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டியே!” என்றாள் அக்கா. ஆனாலும் அத்தானைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான்.

அந்தக் கடையில் விற்பனைக்கு நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அடுத்த ஞாயிறு எங்கள் காரைத் துடைத்து, ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, கூட்ட நெரிசலில் அந்த வரிசையிலேயே நிறுத்தினேன். அக்காவும் அத்தானும் பின்னால் நின்றார்கள். ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிற காது ஐயாவுக்கு நான் யாரோ.

“ஐயா, இந்த வண்டி எங்க வீட்டுக்கு ஒத்துவருமா?”

அவர் ரிப்பனைப் பார்த்தார். காதை வைத்தார். கண் மூடியது, முகம் மலர்ந்தது.

“அடடா! என்ன சிரிப்பு! தங்கமான வண்டி!”

“நல்லாக் கேளுங்கய்யா. அழுகை ஏதாவது?”

“ஒரு பொட்டு கிடையாது.”

கூட்டம் கைதட்டியது. நான் பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினேன். கார் ‘பீப் பீப்’ என்றது.

“இது எங்க சொந்தக் காருங்க. போன வாரம் இதே ஐயாகிட்ட அழுதது. ரிப்பன் கட்டினதும் சிரிக்குது!”

கைதட்டல் பாதியில் நின்றது. காது ஐயா மட்டும் அசரவில்லை. “தோஷம் இருந்தது வாஸ்தவம். போன வாரம் நான் தொட்டேன்ல? அதோட போயிருச்சு!”

“ரொம்ப சந்தோஷம்!” என்று முதலாளி பக்கம் திரும்பினேன். “தோஷம் போயிருச்சாம். முழு விலை குடுத்து எடுத்துக்கங்க.”

“அது எப்படிம்மா?” முதலாளிக்கு வாய் முந்திக்கொண்டது. “பானெட்டத் திறந்து பாக்கணும், ஓட்டிப் பாக்கணும், மெக்கானிக் வந்து...”

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார்.

“ஏன், அவர் காது போதாதா?” என்றது ஒரு பெண் குரல். அக்காதான். “நீங்க வாங்கும்போது மெக்கானிக், நாங்க வாங்கும்போது காதா?”

அத்தான் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் வேனின் பானெட்டைத் திறந்தார். ஆயில் அளக்கும் குச்சியை உருவினார். பால் ஊற்றிய தேநீர் போல ஒரே நுரை. ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தது.

“இது பத்து மைல் தாண்டாது” என்றார். சொன்னவர் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் தலை நிமிரவில்லை.

“இதுலயா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இருந்தீங்க?” என்றாள் அக்கா மெதுவாக.

முதலாளி ஓடிவந்தார். “சார், பாதி விலைக்குத் தர்றேன் சார்!”

“வேணாங்க,” என்றார் அத்தான். “இனிமே ஓட்டிப் பாத்துட்டுதான் விலையே பேசுவேன். அதுவும் வேற கடையில.”

அதற்குள் நாலாபக்கமும் பானெட்டுகள் படபடவென்று திறந்துகொண்டன. காது ஐயா, காதைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார்.

நாங்கள் கிளம்பும்போது கோட் போட்ட ஒருவர் ஓடிவந்து என்னை நிறுத்தினார். ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

“ஏம்மா, இவர் போலின்னா, நிஜமாவே கேக்கத் தெரிஞ்சவர் வேற எங்க இருக்கார்?”

“ரொம்பப் பக்கத்துலதாங்க. சாவியத் திருகுங்க, உங்க காதாலயே கேளுங்க. ஆனா அடுத்த தடவை வரும்போது ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கறதையும் மறக்காமக் கூட்டிட்டு வாங்க.”