கோழிக்கறி அண்ணன்

வெறும் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுக் கோழிக்கறி ஏப்பம் விடத் தெரிந்த ஒரே மனிதர், ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், ரெம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில்தான் இருந்தார். பெயர் யாருக்கும் நினைவில்லை. கோழிக்கறி அண்ணன் என்றால் போதும்.

அரிசி கண்ணில் படாத நாட்கள் அவை. மூன்று வேளையும் கிழங்குதான். வெட்கப்பட்டுக்கொண்டு லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுத் தின்றோம். என் புருஷனை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். நானும் மாமியாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்போம்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அண்ணன் தட்டோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். "கோழிக்கறி லா! காரம் தூக்கலா இருக்கு!" என்று கத்தினார். தட்டில் உப்புகூட இல்லாத கிழங்கு. ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரித்தோம்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். "எங்க வீட்ல ஆட்டுக்கால் கொழம்பு!" அப்புறம் பற்றிக்கொண்டது பாருங்கள், லயமே வாசலில்தான். "ஒங்க மீனுல முள்ளு ஜாஸ்தி லா" என்று சண்டைகூட வந்தது. யாரோ கோழி திருடுகிறார்கள் என்று பாய்ந்து வந்த கங்காணி, சட்டி சட்டியாகத் திறந்து பார்த்தார். மறுநாள் அவரும் தட்டோடு வந்து, "நம்மளது எறாலு" என்றார். என் மாமியார் மட்டும் வெளியே வரவில்லை. மகன் இல்லாமல் விருந்து ஒரு கேடா என்பார்.

ஒரு மோகம் ஏன் திடீரென்று பரவுகிறது என்று இப்போது படித்தவர்கள் ஆராய்கிறார்கள். எல்லாருக்கும் வேண்டியிருப்பதை ஒருத்தர் வெட்கத்தை விட்டு முதலில் செய்துவிடுகிறார், அவ்வளவுதான்.

"எதுக்கண்ணே ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"என் தம்பியவும் சயாமுக்குக் கொண்டு போய்ட்டானுங்க, தங்கச்சி. உள்ள ஒத்தையா ஒக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது. பட்டினியாவே கெடந்தேன்."

பிறகு அடைமழை வந்தது. வாசல் காலியானது, வெயில் வந்தும் யாரும் திரும்பவில்லை, அலுத்துவிட்டது. அண்ணன் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அவரும் உள்ளே போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தட்டுச் சத்தமே கேட்கவில்லை. அவர் தம்பியும் சயாமில்தான், ஒத்தையாக இருந்தால் பட்டினி கிடப்பார் என்று மாமியாரிடம் சொன்னேன்.

மாமியார் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்து பலகையைத் தட்டினார்.

"தம்பி! எங்க வீட்ல இன்னிக்கு நெய்ச்சோறு! அங்க என்ன?"

"கோழிக்கறிம்மா" என்றது ஒரு மெல்லிய குரல்.

"அப்ப சாப்புடுங்க."

அவர் மெல்லும் சத்தம் கேட்கும்வரை நாங்கள் இருவரும் தட்டில் கை வைக்கவில்லை.